மற்றவை, குறிப்பிடுக

முகத்துவாரத் தொடர்மாடி, நாலாம் தளம்.
வினா பதினான்கைக் கேட்டேன்:
நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம்
பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?
தாய் என்றால் ஒன்று, தந்தை என்றால் இரண்டு,
உறவினர், அயலவர், பராமரிப்பு நிலையம்,
ஆறாவது பெட்டிக்குப் பக்கத்தில்
மற்றவை என்று ஒரு கோடு,
விரற்கடை நீளம்.

மெர்சலின் சிரித்தாள்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதைக் காட்டினாள்.
"அந்த ஆமப்பூட்டு தான் மிஸ் பார்த்துக்கொள்றது.
பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விட்டிரும்.
பக்கத்து வீட்டு ரிஸ்மியா கூட்டி வந்து சோறு வெச்சு
பூட்டிட்டுத் தைக்கப் போவா.
நான் ஹோட்டல் லோண்டரியால வர ஆறரை.
டிவியையும் எழுதுங்க, பாவம்,
அதுவும் பாடுபடுது."

நாலு வயது யூட்
என் பேனையின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
கோட்டில் பூட்டு என்று எழுதினேன்.
கணினி அதை விழுங்கி
தொண்ணூற்றொன்பது என்று துப்பியது.

இரவு ஹசந்தி அழைத்தாள்,
பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் பார்ப்பவள்.
எனக்கு அவளது சமன்பாடு தெரியாது.
அவளுக்கு எனது எழுத்து தெரியாது.
"நாற்பத்தொரு தொண்ணூற்றொன்பது, ஏதும் பிழையா?"
தாள்களைப் பரப்பி ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
ஆமைப்பூட்டு.
ஆமைப்பூட்டு.
கடை முதலாளி.
ஆமைப்பூட்டு.
விளங்கவில்லை என்றாள்.
சாவியைத் திருப்பும் ஓசையை வாயால் செய்து காட்டினேன்.
"ஆ, இப்பா!"
அவள் பாஷையிலும் அது ஆமைதானாம்.
இருவரும் சிரித்து
பிறகு சிரிக்காமல் இருந்தோம்.

மூன்றாம் எண்ணில் போட்ட உறவினர்களில்
எத்தனை பேர் ஒன்பது வயது அக்காமார்
என்று அதன் பிறகுதான் அவள் கேட்டாள்.
தெரியாது.
உறவினரின் வயதைக் கேட்க
நாங்கள் வினாவே வைத்திருக்கவில்லை.
மறுபடி ஏறினோம்
அறுநூற்றுப் பன்னிரண்டு வாசல்.

பத்தரமுல்லையில், அமைச்சின் வாசலில்
லிஃப்டின் கழுத்தில் ஓர் அட்டை:
பராமரிப்பில் உள்ளது.
ஒரே சொல்.
பிள்ளைக்கும் அதுதான், இயந்திரத்துக்கும் அதுதான்.
எட்டு மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தோம்.
மெர்சலினையும் அழைத்திருந்தோம்.
கூட்டம் பகல் இரண்டு மணிக்கு.
அவளுக்கு லீவு இல்லை,
யூட்டைப் பார்க்க ஆளும் இல்லை.
அவள் அனுப்பிய குரல்பதிவை மேசை நடுவில் வைத்து
சத்தத்தைக் கூட்டினேன்.
பின்னால் சலவை இயந்திரம் இரைந்தது.

மேலதிகச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
வரைவில் இருந்த "அரைநாள்" என்ற சொல்லை
பென்சிலால் வெட்டி
காலை ஏழு முதல் மாலை ஏழு வரை
என்று ஓரத்தில் எழுதினார்.
எனக்கு எழும்பி நடக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால்
"நிதி அனுமதிக்கும் பட்சத்தில்"
என்று அந்த வரி தொடங்கியது.
அதை எடுக்கச் சொல்லி ஹசந்தி
ஒரு மணி நேரம் வாதாடினாள்,
அட்டவணை அட்டவணையாக.
எடுக்கவில்லை.
வசனத்தின் தலையிலிருந்து
வாலுக்கு மாற்றினார்கள்.
அன்றைய வெற்றி அவ்வளவுதான்,
அதற்கும் தேநீரும் மாலுபாணும் தந்தார்கள்.

முடிவைச் சொல்லுவோம் என்று
சம்மதப் படிவத்தில் எழுதியிருந்தோம்.
சொல்லப் போனேன்.
மெர்சலின் தலை வாரிக்கொண்டே கேட்டாள்,
முழுவதையும்.
"எப்ப இருந்து மிஸ்?"

அதற்கு என்னிடம் பெட்டி இல்லை,
கோடும் இல்லை.

ரிஸ்மியாவுக்குக் காய்ச்சல்,
அன்று அவளே பூட்ட வேண்டும்.
அந்தோனியார் பதக்கத்தோடு கழுத்தில் கிடந்த சாவியை
வெளியே இழுத்தாள்.
யூட் தானாகவே உள்ளே போனான்.
"நான் தான்" என்று எங்களைத் தள்ளிவிட்டு
கதவை
அவனே சாத்தினான்.